சிக்கனச் சில்லின் கதை

பழைய மகாபலிபுரம் சாலை என்று இன்னும் பலர் வழங்கும் ராஜீவ் காந்தி சாலையில், சென்னையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்பவர்கள் சோழிங்கநல்லூரைக் கடந்ததும் நாவலூரை அடைகிறார்கள். செங்கல்பட்டு மாவட்டத்து ஊர். சாலையின் இரு மருங்கிலும் கண்ணாடி மாளிகைகளாக மென்பொருள் நிறுவனங்கள். அவற்றின் நிழலில் தேநீர்க் கடைகள். இக்கடைகளில் சில ஆண்டுகளாக ஒரு சிறு பெட்டியைக் காணலாம். தேநீர் குடித்தவர் செல்பேசி மூலம் பணம் செலுத்தினால், "பதினைந்து ரூபாய் பெறப்பட்டது" என்று அப்பெட்டி தமிழில் அறிவிக்கும். கடைக்காரர் தலை நிமிர்ந்து பார்க்க வேண்டியதில்லை.

இந்தப் பெட்டியைக் கணிப்பொறி என்று யாரும் அழைப்பதில்லை. ஆனால் அது கணிப்பொறிதான். உள்ளே நுண்செயலி உண்டு, நினைவகம் உண்டு, செல்பேசி வலையோடு பேசும் வானொலிப் பகுதி உண்டு. இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு சிறு மின்கலம். மின்விசிறி இல்லை. தொட்டுப் பார்த்தால் சூடும் இல்லை. 40 ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளிக்கூடமே பெருமையோடு பூட்டி வைத்துக் காத்த கணிப்பொறியைவிட இது ஆற்றல் மிக்கது என்றால் வியப்பாக இருக்கும்.

இது எப்படி நேர்ந்தது? டிரான்சிஸ்டர்கள் சிறுத்துக்கொண்டே வந்தன என்பது பாதி விடைதான். மீதிப் பாதியில் இந்தியாவுக்கும், குறிப்பாகச் சென்னைக்கும், ஒரு பங்கு இருக்கிறது.

மின்சாரம் எங்கே போகிறது?

முதலில் ஓர் அடிப்படைச் செய்தி. நுண்செயலியில் உள்ள ஒவ்வொரு கம்பித் துணுக்கும் ஒவ்வொரு டிரான்சிஸ்டர் வாயிலும் ஒரு மிகச் சிறிய மின்தேக்கிபோல் நடந்துகொள்கிறது. '0' என்ற நிலை '1' ஆகும்போது அதில் மின்னூட்டம் நிரம்புகிறது; மீண்டும் '0' ஆகும்போது அது வடிந்துவிடுகிறது. நிரப்புவதும் வடிப்பதும் விநாடிக்குப் பல கோடி முறை நடக்கின்றன. ஒவ்வொரு முறையும் சிறிதளவு ஆற்றல் வெப்பமாகி வீணாகிறது.

கிணற்றில் ஏற்றம் இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இறைப்பவனுக்கு ஆகும் உழைப்பு எவற்றைப் பொறுத்தது? சாலின் கொள்ளளவு, கிணற்றின் ஆழம், மணிக்கு எத்தனை சால் என்பவற்றை. சில்லுக்குள்ளும் இவையே: மின்தேக்கத்தின் அளவு, வோல்ட், கடிகாரத் துடிப்பு. ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. வோல்ட்டைக் கூட்டினால் ஆழம் மட்டும் கூடுவதில்லை, சாலில் நிரம்பும் நீரின் அளவும் கூடிவிடுகிறது. ஆகவே செலவாகும் மின்திறன் வோல்ட்டின் இருமடிக்கு நேர்விகிதத்தில் ஏறுகிறது. 5 வோல்ட்டில் இயங்கிய சில்லை 1.8 வோல்ட்டில் இயக்க முடிந்தால், வேறெதையும் மாற்றாமலேயே செலவு ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகக் குறையும்.

மின்கட்டணம் மிச்சம், அவ்வளவுதானே என்று எண்ணிவிடக் கூடாது. மின்சாரம் குறைந்தால் வெப்பம் குறையும். வெப்பம் குறைந்தால் பீங்கான் உறைக்குப் பதில் மலிவான பிளாஸ்டிக் உறை போதும், உலோகத் துடுப்பு வேண்டாம், மின்விசிறி வேண்டாம், மின்வழங்கி சிறுத்துவிடும், பெட்டியும் சிறுக்கும். நுண்செயலியில் மிச்சமாகும் ஒவ்வொரு வாட்டும் கணிப்பொறியின் மற்ற உறுப்புகளில் ரூபாயாக மிச்சமாகிறது. 2012ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் ஊர்களில் நாளெல்லாம் நீடித்த மின்வெட்டை அனுபவித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேசைக் கணிப்பொறியின் விலையோடு இன்வெர்ட்டரின் விலையும், அதன் கனத்த பேட்டரியின் விலையும் சேர்ந்துகொண்ட காலம் அது. மலிவான கணிப்பொறி என்ற சொல்லுக்கு, குறைந்த மின்சாரத்தில் ஓடும் கணிப்பொறி என்பதைத் தவிர நம் நாட்டில் வேறு பொருள் இருந்ததில்லை என்றே நான் கருதுகிறேன்.

பள்ளிக்கு வந்த பெட்டி

1975ஆம் ஆண்டு அமெரிக்காவில் எம்.ஓ.எஸ். டெக்னாலஜி என்ற நிறுவனம் 6502 என்ற நுண்செயலியை 25 டாலருக்கு விற்பனைக்கு விட்டது. அப்போது பிற நுண்செயலிகளின் விலை நூறு டாலருக்கு மேல். இந்த விலைதான் வீட்டுக் கணிப்பொறி என்ற பொருளையே உண்டாக்கியது எனலாம். ஆப்பிள் நிறுவனத்தின் முதல் கணிப்பொறிகள் 6502இல் ஓடின. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் 1978இல் தோன்றிய ஏகார்ன் என்ற சிறு நிறுவனமும் அதையே தேர்ந்தெடுத்தது. பி.பி.சி. வானொலி-தொலைக்காட்சி நிறுவனம் மக்களுக்குக் கணிப்பொறி கற்பிக்கத் தொடங்கியபோது, அதற்கான கருவியைச் செய்து தரும் வாய்ப்பு ஏகார்னுக்குக் கிடைத்தது. 1981 இறுதியில் பி.பி.சி. மைக்ரோ வெளிவந்தது.

அந்தப் பெட்டி இந்தியாவுக்கும் வந்தது. 1984-85 கல்வியாண்டில் நடுவண் அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கி, முதற்கட்டமாக நாடெங்கும் 250 பள்ளிகளில் பி.பி.சி. மைக்ரோ கணிப்பொறிகளை வைத்தது. 32 கிலோபைட் நினைவகம்; விநாடிக்கு 20 லட்சம் துடிப்பு; திரைக்குத் தொலைக்காட்சிப் பெட்டி. அந்நாளில் படித்தவர்களில் பலர் தங்கள் பெயரைத் திரையில் முதன்முதலாகக் கண்டது இதில்தான்.

இதே பி.பி.சி. மைக்ரோவை இந்தியாவிலேயே செய்யும் உரிமம் பெற்று, 'யூனிகார்ன்' என்ற பெயரில் வெளியிட்டது பஞ்சாபில் சண்டிகரை ஒட்டிய மொஹாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் என்ற அரசு நிறுவனம். 1984இல் சில்லு உற்பத்தியைத் தொடங்கிய ஆலை அது. 5 மைக்ரான் நுட்பத்தில் ஆரம்பித்து விரைவாக முன்னேறிவந்த அந்த ஆலை, 1989இல் ஒரு தீ விபத்தில் எரிந்து போயிற்று. மீண்டும் எழுந்து நிற்கப் பல ஆண்டுகள் ஆயின. இந்த ஆலையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையின் பிற்பகுதியில் அது மறுபடியும் வருகிறது.

அம்மீட்டரில் சுழி

ஏகார்னில் அடுத்த கணிப்பொறிக்கு என்ன செயலி என்ற கேள்வி எழுந்தது. சந்தையில் இருந்த 16 இருமச் செயலிகளை அங்கிருந்த பொறியாளர்கள் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் ஆராய்ந்து பார்த்தார்கள், ஒன்றும் நிறைவளிக்கவில்லை. நினைவகம் தரக்கூடிய வேகத்தை அச்செயலிகள் முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பது அவர்கள் கண்ட குறை.

அப்போது அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சனும் அவருடைய மாணவர்களும் ஒரு புதிய கொள்கையைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். செயலி அறிந்திருக்கும் ஆணைகளின் பட்டியலை நீட்டிக்கொண்டே போவது வீண். எளிய சில ஆணைகளை மட்டும் கற்றுக்கொடுத்து, அவற்றை மிக வேகமாக நிறைவேற்றச் செய்வதே மேல் என்பது அக்கொள்கை. 'ரிஸ்க்' என்று அதற்குப் பெயர். மாணவர்கள் சிலரே சேர்ந்து ஒரு முழுச் செயலியை வடிவமைத்துக் காட்டினார்கள் என்பதுதான் கேம்பிரிட்ஜ்காரர்களைக் கவர்ந்தது. 1983இல் அவர்கள் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகருக்குச் சென்று, 6502இன் அடுத்த வடிவங்களைச் செய்துகொண்டிருந்த ஒரு நிறுவனத்தைப் பார்த்தார்கள். சாதாரண வீடு போன்ற கட்டடம். விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். இவர்களால் முடியுமென்றால் நம்மால் ஏன் முடியாது என்ற துணிவோடு ஊர் திரும்பினார்கள்.

1983 அக்டோபரில் வேலை தொடங்கிற்று. வில்சன் ஆணைத் தொகுதியை வகுத்து, அது சரியாக இயங்குமா என்பதைப் பேசிக் மொழியில் பி.பி.சி. மைக்ரோவிலேயே ஓட்டிப் பார்த்தார். ஃபர்பர் சில்லின் உள்ளமைப்பை வரைந்தார். 1985 ஏப்ரல் 26ஆம் நாள் முதல் சில்லுகள் ஆலையிலிருந்து வந்து சேர்ந்தன. வந்த அன்றே இயங்கின. ஏறத்தாழ 25,000 டிரான்சிஸ்டர்கள் கொண்ட சில்லு அது. அதே ஆண்டு அக்டோபரில் இன்டெல் வெளியிட்ட 80386இல் 2,75,000 டிரான்சிஸ்டர்கள் இருந்தன என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். கேம்பிரிட்ஜ் சில்லின் பெயர் ஆர்ம்.

அச்சில்லைச் சோதித்த நாளைப் பற்றி அதைச் செய்தவர்கள் பின்னாளில் அடிக்கடி சொன்ன ஒரு செய்தி உண்டு. சில்லு எவ்வளவு மின்னோட்டம் எடுக்கிறது என்று அறிய ஃபர்பர் அம்மீட்டரை இணைத்தார். முள் சுழியிலேயே நின்றது. சில்லோ கணக்குகளைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது! தேடிப் பார்த்ததில், சோதனைப் பலகையில் ஒரு பிழை. செயலிக்குச் செல்ல வேண்டிய மின்வழங்கியே இணைக்கப்பட்டிருக்கவில்லை. சுற்றியிருந்த மற்றச் சில்லுகளிலிருந்து குறிகைக் கம்பிகள் வழியே கசிந்துவந்த மின்சாரத்திலேயே அது ஓடிக்கொண்டிருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. குறைந்த மின்சாரம் அவர்களுடைய குறிக்கோள் அன்று. மலிவான பிளாஸ்டிக் உறையில் சில்லை அடைக்க வேண்டும், அதற்கு வெப்பம் 1 வாட்டைத் தாண்டக் கூடாது என்பதே குறிக்கோள். வரைவுக் கருவிகள் துல்லியமாக இல்லாததால், எங்கும் தாராளமாக மிச்சம் வைத்து வடிவமைத்தார்கள். கடைசியில் செலவு பத்தில் ஒரு வாட் அளவுக்கு இறங்கிவிட்டது. ஏழ்மையின் காரணமாக எளிமை. எளிமையின் காரணமாகச் சிக்கனம். பணமும் ஆளும் நிறைந்த நிறுவனம் இப்படி ஒன்றைச் செய்திருக்குமா என்பது ஐயமே.

1990 நவம்பரில் ஏகார்ன், ஆப்பிள், வி.எல்.எஸ்.ஐ. டெக்னாலஜி மூன்றும் சேர்ந்து ஆர்மைத் தனி நிறுவனமாக்கின. பன்னிரண்டு பொறியாளர்கள். சொந்தமாகச் சில்லு ஆலை வைக்க வழியில்லை. எனவே வடிவமைப்பை மட்டும் விற்பது, வாங்குபவர் தம் ஆலையில் செய்துகொள்வது, ஒவ்வொரு சில்லுக்கும் சிறு தொகை தருவது என்ற வணிக முறையைக் கைக்கொண்டார்கள்.

26 வாட்டிலிருந்து அரை வாட்டுக்கு

சிக்கனம் தற்செயலாக வந்த நிலையிலிருந்து, அதையே நோக்கமாகக் கொண்டு கணக்குப் போட்ட நிலைக்கு மாறியது 1990களின் நடுவில். டிஜிட்டல் எக்யுப்மென்ட் என்ற அமெரிக்க நிறுவனம் ஆல்ஃபா என்ற மிக வேகமான செயலியைச் செய்துவந்தது. 3.45 வோல்ட்டில், விநாடிக்கு 20 கோடித் துடிப்பில், 26 வாட். அதே பொறியாளர்கள் ஆர்ம் உரிமம் பெற்று, 'ஸ்ட்ராங்ஆர்ம்' என்ற செயலியை 1996இல் வெளியிட்டார்கள். இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை அவர்களே படிப்படியாகக் கணக்கிட்டுக் காட்டினார்கள். அந்தக் கணக்கு மாணவர்கள் தாமே போட்டுப் பார்க்கத் தக்கது.

வோல்ட்டை 3.45இலிருந்து 1.5க்கு இறக்கினார்கள். இருமடி விதிப்படி இது 5.3 மடங்குச் சேமிப்பு. 26 வாட் 4.9 ஆயிற்று. எளிய ஆர்ம் ஆணைத் தொகுதியில் சுற்றுகள் குறைவு. அதனால் மூன்றில் ஒரு பங்காகி 1.6 வாட். டிரான்சிஸ்டர்களைச் சிறிதாக்கியதால் பாதியாகி 0.8. கடிகாரத் துடிப்பைச் சில்லெங்கும் கொண்டுசெல்லும் கம்பிகளின் சுமையைக் குறைத்ததில் 0.6. வேகத்தையும் சற்றே குறைத்து 16 கோடித் துடிப்பாக்கியதில் 0.5 வாட். ஐந்து படிகளில் ஐம்பது மடங்கு. முதல் படி மட்டுமே மற்ற ஒவ்வொன்றையும் விஞ்சி நிற்கிறது!

1997இல் ஒரு வழக்கின் தீர்வுப்படி இந்தச் செயலி இன்டெல் நிறுவனத்துக்குக் கைமாறியது. அங்கிருந்துதான் அது பெங்களூரை வந்தடைந்தது.

பெங்களூரின் சிறு கருவி

1998 அக்டோபரில் பெங்களூரில் நடந்த ஒரு கருத்தரங்கின் முடிவில், ஏழை நாடுகளுக்கு ஏற்ற மலிவான கணிப்பொறி வேண்டும் என்று அறிவிப்பு ஒன்று வெளியிடப்பட்டது. இத்தகைய அறிவிப்புகள் பெரும்பாலும் கோப்புகளில் உறங்கிவிடும். இது உறங்கவில்லை. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களான விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும் என்கோர் என்ற நிறுவனத்தின் பொறியாளர்களும் ஓர் அறக்கட்டளை அமைத்து, 2001 ஏப்ரலில் 'சிம்ப்யூட்டர்' என்ற கையடக்கக் கணிப்பொறியை வெளியிட்டார்கள். எதிர்பார்த்த விலை சுமார் 9,000 ரூபாய்.

உள்ளே ஸ்ட்ராங்ஆர்ம் குடும்பத்தின் எஸ்.ஏ.-1110 செயலி. விநாடிக்கு 20 கோடித் துடிப்பு. செலவு அரை வாட்டுக்கும் கீழே. மொத்தக் கருவியும் மெல்லிய 'டிரிபிள் ஏ' மின்கலங்கள் மூன்றில் ஓடியது. மின்கலம் ஒன்றுக்கு 1.2 வோல்ட், 700 மில்லிஆம்பியர்-மணி என்று வைத்துக்கொண்டால், மூன்றிலும் சேர்ந்து ஏறத்தாழ 2.5 வாட்-மணி ஆற்றல் இருக்கும். திரையுடன் சேர்த்து 1 வாட் எடுக்கும் கருவி அதில் இரண்டரை மணி நேரம் ஓடும். அக்கால மேசைக் கணிப்பொறி 100 வாட் எடுத்தது என்றால், அதே மின்கலங்களில் அது ஒன்றரை நிமிடம்தான் ஓடியிருக்கும்!

சிம்ப்யூட்டரின் கருத்து இன்னும் அழகானது. ஒரு கிராமத்துக்கு ஒரு கருவி. ஒவ்வொருவரும் தமக்குரிய விவரங்களை ஒரு சில்லட்டையில் வைத்துக்கொண்டு, முறை வரும்போது அதைச் செருகிப் பயன்படுத்தலாம். எழுத்தறியாதவர்களுக்காக அது இந்திய மொழிகளில் படித்தும் காட்டும். வன்பொருளின் வரைபடங்களும் மறைக்கப்படவில்லை. விரும்பியவர்கள் அறக்கட்டளையிடம் உரிமம் பெற்றுச் செய்து விற்கலாம்.

2004 மார்ச்சில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் தயாரித்த 'அமிடா சிம்ப்யூட்டர்' ஏறத்தாழ 10,000 ரூபாயில் தொடங்கி விற்பனைக்கு வந்தது. விற்பனையோ சில ஆயிரங்களைத் தாண்டவில்லை. ஏன்?

கருவி மட்டமானது என்று சொல்ல முடியாது. அதன் போட்டி வேறு திசையிலிருந்து வந்தது. 2006இல் நோக்கியா நிறுவனம் சென்னைக்கு அருகே திருப்பெரும்புதூரில் செல்பேசித் தொழிற்சாலையைத் திறந்தது. அக்காலச் செல்பேசிகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே இருந்ததும் ஆர்ம் செயலிதான். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பேருந்தில் வந்த இளம்பெண்கள் அங்கே கோடிக்கணக்கில் செல்பேசிகளைப் பூட்டி அனுப்பினார்கள். சில்லு உலகில் கோடி என்ற எண்ணுக்குத் தனி மந்திரம் உண்டு. ஒரு சில்லின் அச்சுத் திரைகளைத் தயாரிக்கும் செலவு, ஆயிரம் செய்தாலும் கோடி செய்தாலும் ஒன்றே. அதை ஆயிரத்தால் வகுத்தால் கிடைக்கும் விலையில் வியாபாரம் நடக்காது. கோடியால் வகுத்தால் சில்லறைக் காசு. சிம்ப்யூட்டர் ஆயிரங்களில் நின்றது, செல்பேசி கோடிகளில் ஓடியது. ஒருவர்க்கொருவர் பகிர்ந்துகொள்ளும் கருவியைவிட, ஆளுக்கொன்றாகச் சட்டைப்பையில் கிடக்கும் கருவியையே மக்கள் விரும்பினார்கள் என்பதும் உண்மை.

(அந்தத் தொழிற்சாலை 2014இல் மூடப்பட்டது. கோடிக்கணக்கில் செல்பேசிகள் இங்கே பூட்டப்பட்டபோதும், உள்ளே இருந்த செயலி ஒன்றுகூட இங்கே பிறந்ததில்லை.)

வேறு முயற்சிகளும் நடந்தன. சென்னையில் நோவாட்டியம் என்ற நிறுவனம், ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா உள்ளிட்டோரின் முயற்சியில், கணக்கிடும் வேலையைத் தொலைவிலுள்ள பெரிய கணிப்பொறியிடம் விட்டுவிட்டு, வீட்டில் எளிய பெட்டி ஒன்றை மட்டும் வைக்கும் முறையைக் கொண்டுவந்தது. 2011 அக்டோபரில் நடுவண் அரசு வெளியிட்ட 'ஆகாஷ்' என்ற பலகைக் கணிப்பொறி, 2,276 ரூபாய் என்ற விலையால் உலகச் செய்தியாயிற்று. அதிலும் ஆர்ம் செயலிதான், விநாடிக்கு 36.6 கோடித் துடிப்பு. வேகம் போதவில்லை, திரையும் மின்கலமும் போதவில்லை என்ற குறைகள் வந்தன. மறு ஆண்டே திருத்திய வடிவம் வர வேண்டியதாயிற்று. விலையை முதலில் முடிவு செய்துகொண்டு கருவியைப் பிறகு தேடினால் இப்படித்தான் ஆகும்.

ஆணைகள் யாருக்குச் சொந்தம்?

சிம்ப்யூட்டரிலும் ஆகாஷிலும் வரைபடங்களும் மென்பொருளும் நம் கையில் இருந்திருக்கலாம். நடுவே இருந்த செயலி நம் கையில் இல்லை. ஓர் ஆர்ம் சில்லை வாங்கிப் பொருத்தலாம். அதைப் போன்ற ஒன்றை நாமே வடிவமைக்க விரும்பினால்? உரிமம் வாங்க வேண்டும். வாங்கினாலும் ஆணைத் தொகுதியில் தன் விருப்பப்படி ஓர் ஆணையைச் சேர்ப்பது எளிதன்று. ஆணைத் தொகுதி என்பது செயலிக்கும் மென்பொருளுக்கும் இடையிலான மொழி. தமிழில் எழுதுவதற்கு யாரிடமாவது ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும் என்றால் எப்படியிருக்கும்?

இந்தக் கேள்வி பெர்க்லியிலேயே எழுந்தது. 2010ஆம் ஆண்டில் கிர்ஸ்டே அசனோவிச் என்ற பேராசிரியரும், அவருடைய மாணவர்கள் ஆண்ட்ரூ வாட்டர்மன், யுன்சுப் லீ ஆகியோரும், தங்கள் ஆராய்ச்சிக்குத் தடையற்ற ஆணைத் தொகுதி ஒன்று வேண்டுமென்று தாமே ஒன்றை வகுக்கத் தொடங்கினார்கள். 30 ஆண்டுகளுக்கு முன் ரிஸ்க் கொள்கையைத் தொடங்கிவைத்த அதே பேட்டர்சனும் உடனிருந்தார். பெர்க்லி வரிசையில் ஐந்தாவது என்பதால் 'ரிஸ்க்-ஃபைவ்' என்று பெயர். அடிப்படை ஆணைகள் ஐம்பதுக்கும் குறைவு. யாரும் எடுத்துக்கொள்ளலாம், கட்டணம் இல்லை. தேவையானவர்கள் தங்களுக்குரிய ஆணைகளைச் சேர்த்துக்கொள்ள இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

இச்செய்தியைச் சென்னையில் உற்றுக் கவனித்தவர்கள் இருந்தார்கள். ஐ.ஐ.டி.யின் கணிப்பொறி அறிவியல் துறையில் பேராசிரியர் வி. காமகோடி அவர்களின் குழு, 2014இல் 'சக்தி' என்ற செயலித் திட்டத்தைத் தொடங்கி, ரிஸ்க்-ஃபைவைத் தன் மொழியாகக் கொண்டது. நாவலூரிலிருந்து வடக்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில், கிண்டிக் காட்டின் மரங்களுக்கிடையே நடந்த வேலை இது.

கிண்டியில் பிறந்த சக்தி

சக்தி என்பது ஒரே செயலியன்று; ஒரு குடும்பம். கடைக்குட்டியான 'இ' வகுப்பு, ஆணைகளை மூன்று படிகளில் நிறைவேற்றுகிறது. அளவிகள், பூட்டுகள், மின்விசிறிக் கட்டுப்பாடு போன்ற சிறு வேலைகளுக்கானது. 'சி' வகுப்பு ஐந்து படிகள் கொண்டது. 64 இருமங்களைக் கையாள்வது. லினக்ஸ் என்ற முழு இயக்க அமைப்பையே ஓட்டக்கூடியது. இவற்றுக்கு மேலும் பெரிய வகுப்புகள் திட்டமிடப்பட்டன. வடிவமைப்பின் மூலநிரல் முழுவதையும் எவரும் எடுத்து ஆளும்படி வெளியிட்டார்கள் என்பதே என் மதிப்பில் இதன் முதற்சிறப்பு. மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் ஒரு பொறியியல் மாணவர் அதைத் திறந்து, கூட்டல் சுற்று எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று வரி வரியாகப் படிக்கலாம்.

2018இல் இரண்டு சில்லுகள் வந்தன. முதலாவது 'ரைஸ்கிரீக்'. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் இன்டெல் ஆலையில், 22 நானோமீட்டர் நுட்பத்தில் 300 சில்லுகள் செய்யப்பட்டன. லினக்ஸ் அதில் ஓடிற்று. இரண்டாவது 'ரிமோ'. இதைச் செய்த ஆலை எது தெரியுமா? முன்பு பி.பி.சி. மைக்ரோவை யூனிகார்ன் என்ற பெயரில் செய்து, தீயில் எரிந்து, மீண்டு எழுந்த அதே மொஹாலி ஆலைதான். செமிகண்டக்டர் லேபரட்டரி என்று பெயர் மாறி, விண்வெளித் துறையின் கீழ் இயங்கிவந்த அந்த ஆலையில், 180 நானோமீட்டர் நுட்பத்தில் ரிமோ உருவாயிற்று. 6502இன் வாரிசைத் தேடிய கேம்பிரிட்ஜின் கதையும், அதே 6502 பெட்டியை உரிமம் வாங்கிச் செய்த மொஹாலியின் கதையும் முப்பத்து சில ஆண்டுகள் கழித்து எப்படிப் பிரிந்து நிற்கின்றன பாருங்கள். ஒருவர் உலகின் செல்பேசிகளுக்கெல்லாம் வடிவமைப்பு விற்றார். மற்றவர் சொந்த நாட்டுச் செயலியைக் கையில் எடுத்தார். 2020 செப்டம்பரில் அங்கேயே 'மௌஷிக்' என்ற மூன்றாவது சில்லும் செய்யப்பட்டது.

180 நானோமீட்டர் என்பது பழைய நுட்பம். அதில் சில்லின் உட்புறம் 1.8 வோல்ட்டில் இயங்குகிறது. 28 நானோமீட்டர் நுட்பத்தில் சுமார் 0.9 வோல்ட் போதும். பாதி வோல்ட் என்றால் கால்பங்கு மின்சாரம் என்று மேலே கண்ட விதி சொல்லும். டிரான்சிஸ்டர்களும் மிகச் சிறியவை. 8 அங்குல விட்டமுள்ள சிலிக்கன் வட்டத் தகட்டின் பரப்பு 31,400 சதுர மில்லிமீட்டர். 5 மில்லிமீட்டர் சதுரமான சில்லுகள் என்றால், ஓரத்தில் வீணாவது போக ஆயிரத்துக்குச் சற்று மேல் கிடைக்கும். அதே சுற்றைச் சிறிய நுட்பத்தில் வரைந்தால் பல மடங்கு கிடைக்கும். ஆகவே மொஹாலிச் சில்லு விலையில் போட்டியிட இயலாது என்று ஒருவர் வாதிடலாம். பெரும்பாலும் அது சரியே.

ஆனால் மறுபக்கமும் ஒன்று உண்டு. டிரான்சிஸ்டர் சிறுக்கச் சிறுக்க, அது 'அணைந்திருக்கும்' நிலையிலும் மின்சாரம் கசியும். ஓட்டைச் சால் போல. நாளின் பெரும்பகுதி உறங்கி, மணிக்கொரு முறை விழித்து நீரின் அளவைக் குறித்துக்கொள்ளும் கருவிக்கு, ஓடும்போது ஆகும் செலவைவிட உறங்கும்போது ஆகும் கசிவே பெரிது. அங்கே பழைய நுட்பம் தலைகுனிய வேண்டியதில்லை. வெப்பத்தையும் கதிர்வீச்சையும் தாங்க வேண்டிய விண்கலங்களிலும் அப்படியே. 2025 பிப்ரவரியில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் ஐ.ஐ.டி.யும் சேர்ந்து அறிவித்த 'ஐரிஸ்' என்ற சில்லு சக்தி வடிவமைப்பில் அமைந்தது. சில்லு மொஹாலியில், உறையிட்டது கர்நாடகத்தில், மின்சுற்றுப் பலகை குஜராத்தில், எல்லாவற்றையும் பலகையில் பொருத்தி முடித்தது சென்னையில்.

கடைவீதிக்கு வரும் பாதை வேறு. ஐ.ஐ.டி. வளாகத்தில் 2021இல் உருவான மைண்ட்குரோவ் என்ற நிறுவனம், சக்தியின் 'சி' வகுப்பை அடிப்படையாகக் கொண்டு, விநாடிக்கு 70 கோடித் துடிப்புள்ள ஒரு சில்லை 28 நானோமீட்டர் நுட்பத்தில் வெளிநாட்டு ஆலையில் செய்து 2024 மே மாதத்தில் வெளியிட்டது. வீட்டுக் கருவிகள், மின்அளவிகள், பூட்டுகள் போன்றவற்றுக்கானது அது. ஆயிரம் செய்தால் நட்டம், கோடி செய்தால் லாபம் என்ற பழைய கணக்கு அவர்கள் முன்பும் நிற்கிறது. சீன நிறுவனங்கள் ரிஸ்க்-ஃபைவ் சில்லுகளை மிக மலிவாகக் குவிக்கும் சந்தையில் அவர்கள் இறங்கியிருக்கிறார்கள். வாங்குபவர் உள்நாட்டில் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தே எல்லாம். மின்வாரியங்கள் வாங்கும் ஸ்மார்ட் மீட்டர்களே கோடிக்கணக்கில் என்பதை இங்கே நினைக்கலாம்.

கேம்பிரிட்ஜிலும் காற்று மாறியிருக்கிறது. அங்கே 2012இல் பிறந்த ராஸ்பெர்ரி பை என்ற 35 டாலர் கணிப்பொறி, தன் வடிவங்களுக்கு 'ஏ', 'பி' என்று பெயரிட்டது பி.பி.சி. மைக்ரோவை நினைத்துத்தான். அதே நிறுவனம் 2024 ஆகஸ்டில் 'பிக்கோ 2' என்ற 5 டாலர் பலகையை வெளியிட்டது. அதன் சில்லுக்குள் இரண்டு ஆர்ம் செயலிகளும் இரண்டு ரிஸ்க்-ஃபைவ் செயலிகளும் அருகருகே இருக்கின்றன. மின்சாரம் கொடுக்கும்போது எந்த இணை விழிக்க வேண்டும் என்பதை அதைப் பயன்படுத்தும் மாணவரே முடிவு செய்யலாம்.